தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து வழங்கும் மாநில அரசு நிறுவனம்; 1994இல் தொடங்கப்பட்டது. இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவை, வணிகப்பெயரில் அல்லாமல் மூலப்பெயரில், ஒப்பந்தப்புள்ளி வழியாக உற்பத்தியாளரிடமே வாங்கப்பட்டு மாவட்டக் கிடங்குகளில் சேர்கின்றன. மருத்துவமனைகள் தமக்குரிய தொகை வரம்புக்குள் பாஸ்புக்கில் பதிந்து எடுத்துக்கொள்கின்றன. கிடங்குகளின் இருப்பைக் கணினி காட்டுகிறது. இம்முறையில் மருந்து விலை குறைந்ததற்கு வாங்கும் அளவு மட்டுமே காரணம் என்பது பாதி உண்மை. எங்கே எது தீர்கிறது என்று முன்கூட்டியே தெரிவதால், அவசரத்துக்குக் கூடுதல் விலையில் உள்ளூர்க் கடைகளில் வாங்கும் தேவை சுருங்கியதும் ஒரு காரணம். குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்றால் தரம் கெடும் என்ற ஆட்சேபம் புறந்தள்ளத் தக்கதன்று. அதற்கு விடையாக, கிடங்குக்கு வரும் மருந்துத் தொகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, உற்பத்தியாளர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறியதே வினியோகத்துக்குப் போகிறது. முடிவு வரும்வரை சரக்கு காத்திருப்பது இம்முறையின் செலவு. கேரளம் 2007இலும் ராஜஸ்தான் 2011இலும் இதையொத்த கழகங்களை நிறுவின.