கட்டியக்காரனும் திரைக் கோமாளியும்: ஆட்டக்கலைஞர் படங்களில் நகைச்சுவை

1. பொருளும் எல்லையும்

ஆடிப் பாடிப் பிழைப்பவர்களையே நாயகராக்கிச் சிரிக்கவைக்கும் படங்கள் பல நாடுகளில் உண்டு. பாரிஸின் மூலான் ரூழ் அரங்கு உருவான கதையைப் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘பிரெஞ்சு கான்கான்’ படத்தில் கேளிக்கையாகச் சொன்னார். தமிழில் இவ்வகைக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), ‘கரகாட்டக்காரன்’ (1989) ஆகிய இரண்டும் முதன்மையானவை. இவற்றின் நகைச்சுவையை, பண்ருட்டி வட்டாரத்துக்குப் பழக்கமான தெருக்கூத்தின் கட்டியக்காரனோடு வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. கூத்துக் களரியில்

கடலூர், விழுப்புரம் பகுதிகளின் திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் வேடத்தை யார், எவர் என்று விசாரித்துச் சபைக்கு அறிமுகம் செய்துவைப்பவன் கட்டியக்காரன். கதையில் அவன் ராஜாவுக்குச் சேவகன். ஆனால் ராஜாவையே கிண்டல் செய்வான். துரியோதனன் சபையில் நின்றபடி உள்ளூர்ச் சங்கதி பேசுவான். அவன் கேலி கீழிருந்து மேல்நோக்கிப் போவது. அதைச் சபை ஒப்புக்கொள்வதே அவனுக்குள்ள உரிமை.

3. திரையில்

3.1 தில்லானா மோகனாம்பாள்

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். நாகஸ்வரக் கலைஞருக்கும் சதிர் என்னும் நாட்டியம் ஆடும் மோகனாவுக்கும் இடையிலான போட்டியும் காதலுமே கதை. நாகேஷ் நடித்த வைத்தி, மோகனாவைப் பணக்காரர்களிடம் சேர்த்துவைக்க அலையும் தரகன். அவனுடைய குழைவைப் பார்த்துச் சிரிக்கும்போதே, கலைஞரை விலைபேசும் செல்வர்களின் மனமும் வெளிப்பட்டுவிடுகிறது. மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியோ நாடகக்காரி. நாகஸ்வரத்துக்கும் சதிருக்கும் கிடைத்த மதிப்பு கிட்டாத மேடைக்கலை அவள் வழியாகக் கதைக்குள் நுழைகிறது.

3.2 கரகாட்டக்காரன்

போட்டியும் காதலும் பின்னிய அதே அமைப்பைக் கங்கை அமரன் கரகாட்டக் குழுக்களுக்குக் கொண்டுவந்தார். ராமராஜனும் கனகாவும் ஆட, கவுண்டமணியும் செந்திலும் குழுவின் வாத்தியக்காரர்களாக வருகிறார்கள். மதுரையில் ஓராண்டையும் தாண்டி ஓடிய இப்படத்தில் வாழைப்பழத் தகராறும், ஆளாளுக்குத் தள்ளிக்கொண்டு போகும் பழைய காரும் இன்றும் பேசப்படுகின்றன. ஒரு பழத்துக்காகச் சண்டை வருமளவு கைச்செலவு சுருங்கியவர்கள், கௌரவத்துக்காகப் பெரிய கார் வைத்திருக்கிறார்கள். சிரிப்பின் ஊற்று இந்த முரண்தான்.

4. ஒப்பீடு

கட்டியக்காரன் அதிகாரத்தை நேரடியாகச் சீண்டுகிறான். வைத்தி அதிகாரத்துக்கு ஊழியம் செய்து, தன்னை அறியாமல் அதை அம்பலப்படுத்துகிறான். கவுண்டமணியின் கோபமோ அருகில் இருக்கும் செந்திலோடு முடிந்துவிடுகிறது. மூன்று நிலைகளிலும் வாய்த்துடுக்கு குறையவில்லை; கேலியின் இலக்குதான் அரசனிடமிருந்து சக கலைஞனிடம் இறங்கிவந்திருக்கிறது.

5. முடிவு

கூத்தின் சிரிப்பைத் திரை இழந்துவிடவில்லை. பெரியவர்களைச் சபையிலேயே கேள்வி கேட்கும் துணிச்சலைத்தான் பாதி வழியில் விட்டுவிட்டது. தமிழ்த் திரை நகைச்சுவையை ஆராய்வோர் படங்களோடு நின்றுவிடாமல், ஓர் இரவாவது பண்ருட்டிப் பக்கத்துக் கூத்துக் களரியில் உட்கார்ந்து கட்டியக்காரனைக் கேட்க வேண்டும்.