பாடம் கேட்ட காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சோழ நாட்டில் உயர்நிலைத் தமிழ்க் கல்வி பள்ளிக்கூடத்தைச் சார்ந்திருக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் எழுத்தையும் எண்சுவடியையும் நீதிநூல்களையும் கற்பித்து ஓய்ந்துவிடும். அதற்குமேல் இலக்கணமோ காப்பியமோ வேண்டுவோர், அந்நூலில் வல்ல புலவர் எங்கிருக்கிறார் என்று விசாரித்து, அவர் வீட்டையோ மடத்தையோ நாடிச் சென்று பாடம் கேட்க வேண்டும். பாடம் கேட்டலாவது, மாணாக்கர் சுவடியைப் பார்த்துச் செய்யுளை வாசிக்க, ஆசிரியர் அதன் பொருளையும் இலக்கணக் குறிப்பையும் சொல்லிச் செல்வது. அச்சு நூல்கள் அரிதாயிருந்தமையால் ஒரு நூலை ஓரிடத்திலும் மற்றொன்றை வேறோரிடத்திலும் தேட வேண்டியிருந்தது. ஆகவே தன் அறிவின் எல்லையை உணர்ந்து, மாணாக்கனை அடுத்தவரிடம் அனுப்பும் மனமுடையவரே அம்மரபில் நல்லாசிரியர் எனலாம்.

இதற்குச் சிறந்த சான்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) வாழ்க்கை. இளமையில் திருச்சிராப்பள்ளியில் அவருக்கு அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம் சொல்லித்தர ஒருவரும் கிடைக்கவில்லை. அதனை அறிந்திருந்த பரதேசி ஒருவர் தெருத்தெருவாகப் பிச்சையெடுத்து வந்தார்; எளிதில் பாடம் சொல்ல இசையாத அவர் செல்லுமிடமெல்லாம் பிள்ளை உடன்சென்று, வேண்டியவற்றை வாங்கிக் கொடுத்து, மனங்குளிர்ந்த வேளையில் நூலைக் கேட்டு முடித்தார். பிற்காலத்தில் தம்மிடம் வந்தவர்களிடம் அவர் பொருள் பெறாமல் பாடம் சொன்னதற்கும், தம் வறுமையிலும் பலருக்கு உணவளித்துக் காத்ததற்கும் இந்த அலைச்சலே காரணம் எனக் கொள்வது தவறாகாது. சைவப் பற்று மிக்க அவரிடம் கிறிஸ்தவராகிய சவராயலு நாயகரும் இஸ்லாமியராகிய குலாம் காதிறு நாவலரும் கற்றனர். சாதிக் கட்டுப்பாடு அகன்றுவிடவில்லை என்பதும் உண்மை. அந்தண மாணாக்கரின் உணவுக்கு வேறிடம் தேடவேண்டியிருந்தது.

பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் இப்பிள்ளையை வந்தடைந்ததும் பல கைகள் மாறியே. அரியிலூர்ச் சடகோப ஐயங்கார் முதலிய பலரிடம் பயின்ற அவருக்கு, யாப்பிலக்கணம் கூறும் காரிகையைக் கற்பித்த செங்கணம் விருத்தாசல ரெட்டியார், இனிப் பிள்ளையிடம் செல்வதே தக்கது என்று வழிகாட்டினார். 1871-இல் மாயூரத்தில் தொடங்கிய அப்பாடம் பிள்ளையின் மறைவு வரை நீடித்தது. அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை மடத்திலேயே இருத்தி, தாமும் பாடம் சொல்லி, மடத்து மாணாக்கருக்குப் பாடம் சொல்லவும் வைத்தார். ஆதீனம் என்பது சைவத் துறவியர் மடமும் அதன் ஆட்சிக்குட்பட்ட கோயில்களும் நிலங்களும் சேர்ந்த அமைப்பு. புலவர்களுக்கு நிலையான ஆதரவு அளிக்க வல்ல இடங்கள் அன்று இத்தகைய சிலவே.

பிள்ளையின் மற்றொரு மாணாக்கரான தியாகராச செட்டியார், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவியிலிருந்து 1880-இல் விலகியபோது, அதைச் சாமிநாதையருக்கே அளிக்க வேண்டுமென்று முயன்றார். பிரிய மனமில்லாத தேசிகரையும் இசையவைத்தார். ஒரே ஆசிரியரிடம் பயின்றவர் இளையவருக்குத் தம் இருக்கையைத் தேடிக்கொடுத்த இச்செயல், பாடம் சொல்வதோடு ஆசிரிய மரபின் கடமை முடிந்துவிடாது என்று அக்காலத்தவர் கருதியதைத் தெளிவாகக் காட்டுகிறது.

எனினும் இந்த மரபில் ஒரு பெரிய குறையும் இருந்தது. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை முதலிய சிற்றிலக்கியங்களும் தலபுராணங்களும் கைமாறி வந்தனவேயன்றிப் பழைய காப்பியங்களும் சங்க நூல்களும் பாடத்திலிருந்து பெரும்பாலும் நழுவிவிட்டன. கும்பகோணத்துக்கு முனிசீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அதே 1880-இல், சாமிநாதையர் அடுக்கிய நூற்பட்டியலைப் பொருட்படுத்தாமல், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. முதலியார் புலவர் மரபைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் சாமிநாதையரின் வாழ்க்கையைத் திருப்பிய வழிகாட்டி அவரே. சமண நூலாகிய சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரையும் பல இடங்களில் விளங்காதபோது, கல்லூரி ஆசிரியராகிவிட்ட சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணக் குடும்பங்களை அணுகி, அவர்கள் சமயக் கொள்கைகளையும் வழக்குகளையும் கேட்டறிந்தார். அங்கே அவர் மறுபடியும் மாணாக்கர்தாம். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் தொடர்ந்தன.

தம் ஆசிரியரின் வரலாற்றைச் சாமிநாதையர் 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். பரதேசியிடம் பிள்ளை பாடம் கேட்ட செய்தியைப் பதிவுசெய்தது அந்நூலே. சாமிநாதையரின் முதுமையில் உடனிருந்து பதிப்புப் பணிக்குத் துணைநின்றவர் கி.வா. ஜகந்நாதன். ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்த ‘என் சரித்திரம்’ 1942-இல் சாமிநாதையரின் மறைவால் நின்றுபோக, அது தொடாத பிற்காலச் செய்திகளை ஜகந்நாதன் ‘என் ஆசிரியப்பிரான்’ என்னும் நூலில் எழுதினார்.