ரியாலும் எங்கள் ரூபாவும்

எண்பதுகளில் வாப்பா சவூதியிலிருந்து அனுப்பும் வங்கி ட்ராஃப்ட் பதிவுத் தபாலில் வரும். அதை மாற்ற உம்மா கல்முனைக்குப் போகும்போது நானும் கூடப் போவேன். "ரியால் ஏறியிருக்காம்" என்று யாராவது சொன்னால் உம்மாவின் முகம் மலர்ந்துவிடும்.

ரியால் ஏறவில்லை. 1986 ஜூனில் ஒரு டொலருக்கு 3.75 ரியால் என சவூதி நிர்ணயித்தது. இன்றுவரை அது அசையவில்லை. இறங்கியது எங்கள் ரூபா. அந்த ஆண்டில் டொலர் ஏறத்தாழ 28 ரூபா. ரியாலுக்கு ஏழரை ரூபா கிடைத்தது. 2001 ஜனவரியில் இலங்கை தன் ரூபாவை மிதக்கவிட்டது.

இரு கரைகளும் ஒரு காலத்தில் நாணய உறவினர். வளைகுடாவின் பல ஊர்களில் இந்திய ரூபாவே புழங்கியது. 1950இல் மத்திய வங்கி தொடங்கும்வரை எங்கள் ரூபாவும் இந்திய ரூபாவோடு கட்டுண்டிருந்தது. 1966 ஜூனில் இந்தியா மதிப்பிறக்கம் செய்ததும் கட்டாரும் துபாயும் அதைக் கைவிட்டன. மறுவருடம் இலங்கையும் தன் ரூபாவை இறக்கியது. பின்பு எண்ணெய் அவர்களுக்கு டொலரைக் கொட்டியது. மதிப்பைக் கட்டிப்பிடிக்க அந்தக் கையிருப்பே பலம்.

ஆனால், நிலையான மதிப்புக்கும் விலையுண்டு. 2014 நடுப்பகுதியில் 100 டொலரைத் தாண்டி நின்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30க்கும் கீழே விழுந்தது. 2014 நவம்பரில் ரஷ்யா ரூபிளை மிதக்கவிட்டது. ரூபிள் சரிந்தது, கடைகளில் விலை ஏறியது, எண்ணெய் டொலர் ஒவ்வொன்றுக்கும் அரசுக்குக் கூடுதல் ரூபிள் கிடைத்தது. சவூதி ரியாலை அசைக்கவில்லை. கையிருப்பைக் கரைத்தது, செலவை வெட்டியது. 2016இல் ஆயிரக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர் சம்பளமின்றித் தவித்தனர். என் தம்பியும் அங்கே ஒரு கட்டுமானக் கம்பனியில் ஏழு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான். மதிப்புக் குறையாத அந்த ரியால் அவன் கைக்கு வரவேயில்லை.

டொலர் இல்லாமல் கட்டிப்பிடித்தால் என்னவாகும் என்பதை நாங்களே கண்டோம். 2021இல் டொலரைச் சுமார் 200 ரூபாவில் நிறுத்தி வைத்தார்கள். உண்டியல்காரர் கூடக் கொடுத்தனர். வங்கி வழியே வந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2020இல் 710 கோடி டொலர். 2021இல் 550 கோடி. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும், மே மாதத்துக்குள் டொலர் 360ஐத் தொட்டது; ரியால் 96 ரூபா.

"ரியால் ஏறியிருக்காம்" என்று வீட்டில் அன்றும் யாரோ சொன்னார்கள்.

"மாவும்தானே மகன் ஏறிட்டு" என்றார் உம்மா. இம்முறை அவர் முகம் மலரவில்லை.

மதிப்பைக் கட்டினாலும் அவிழ்த்தாலும் நட்டம் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. கட்டிய இடத்தில் அது என் தம்பிக்கு. அவிழ்த்த இடத்தில் உம்மாவுக்கு.