தெருவில் பிறந்து அறைக்குள் அடங்கிய பணி: அமெரிக்கப் பள்ளி ஆலோசகரும் பண்பாட்டுத் திறனும்

அமெரிக்கப் பள்ளி ஆலோசனையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில் வழிகாட்டு நிலையத்திலிருந்தே எழுதத் தொடங்குவர். அந்த நிலையம் எந்தப் பள்ளியின் வளாகத்திலும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் நெருக்கமாக வாழ்ந்த நார்த் எண்ட் பகுதியில், குடியேறிகளுக்கு மாலை வகுப்புகள் நடத்திவந்த சிவிக் சர்வீஸ் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தை ஒட்டியே அது உருவானது. ஆலோசகர் மாணவனின் சமூகத்தை அறிந்திருக்க வேண்டும் என்ற கருத்து அண்மைக்காலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றாக இன்றைய பயிற்சி நூல்களில் காட்டப்படுகிறது. உண்மையில் இப்பணி சமூகத்துக்குள்தான் பிறந்தது. பிறகு அங்கிருந்து விலகியது. திரும்பி வருவதற்குச் சமூகமே அதை நெருக்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. பார்சன்ஸ் 1908 செப்டம்பரில் இறந்தார். மறுஆண்டு வெளியான அவருடைய நூலில், வந்தவரின் தலை அமைப்பைப் பார்த்துக் குணத்தை ஊகிக்கும் குறிப்புகள்கூட உண்டு. குடியேறிகளின் நடுவே உட்கார்ந்துகொண்டே, மேட்டுக்குடி அமெரிக்கரின் நடை, பேச்சு, பழக்கவழக்கங்களை அளவுகோலாக வைத்து அவர்களை எடைபோட்டவர் அவர். அக்கம்பக்கத்தில் இருந்தது மட்டும் பண்பாட்டுப் புரிதலைத் தந்துவிடவில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் இப்பணி பள்ளிக்குள் குடிபுகுந்தது. முதல் உலகப்போரில் ராணுவத்துக்கு ஆள் பிரிக்கப் பயன்பட்ட அறிவுத்திறன் தேர்வுகள் போருக்குப் பின் வகுப்பறைக்கு வந்தன. மதிப்பெண்ணும் கோப்பும் கைக்கு எட்டியதும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் தேவை இல்லாமல் போனது.

இந்தப் போக்குக்கு எதிராகச் சென்றவர்களில் தனித்து நிற்பவர் லியோனார்ட் கொவெல்லோ. அவர் ஆலோசகர் அல்லர், தலைமையாசிரியர். ஆயினும் இந்த வரலாற்றில் அவருக்குரிய இடம் இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை என்பதே என் கருத்து. தென் இத்தாலியின் அவிலியானோ ஊரில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் வந்தவர் அவர். 1934-இல் ஈஸ்ட் ஹார்லெமில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உயர்நிலைப் பள்ளி ஆண்பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டபோது அதன் தலைமையாசிரியரானார். பையன்கள் பள்ளிக்கு மட்டம் போடுவது அன்று பெரிய புகார். தென் இத்தாலியக் குடியானவர் குடும்பத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் ஏறக்குறைய உழைப்பாளி; அவனைப் பதினாறு வயதுவரை பெஞ்சில் உட்காரவைப்பது, குடும்பத்தின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்குவதாகவே பெற்றோருக்குப் பட்டது. பையனின் சோம்பல் என்று பள்ளி குறித்துவைத்ததற்குக் குடும்பப் பொருளாதாரத்தில் வேர் இருந்தது என்று கொவெல்லோ காட்டினார். இந்த ஆய்வே 1944-இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடாயிற்று.

அவர் இதை நூலகத்தில் உட்கார்ந்து அறியவில்லை. பள்ளியைச் சுற்றியிருந்த தெருக்களில் காலியாகக் கிடந்த கடைகளைப் பிடித்து, அவற்றைப் பள்ளியின் கிளைகளாக்கினார். ஒன்றில் நண்பர்கள், அண்டை அயலார் மன்றம் நடந்தது. மற்றவற்றில் இத்தாலிய அமெரிக்கருக்கும் ஸ்பானிய மொழி பேசுவோருக்கும் தனித்தனிக் கல்வி நிலையங்கள் இயங்கின. எந்தத் தெருவில் எந்த நாட்டார் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்து வரைபடம் போட்டார்கள். பள்ளி வாசலை மிதிக்கக் கூசிய தாய்மார்கள் கடை வாசலில் தயக்கமின்றி நின்று பேசினார்கள். ஆனால் கொவெல்லோ 1956-இல் ஓய்வுபெற்ற பின் இந்த ஏற்பாடு மற்றப் பள்ளிகளுக்குப் பொது நடைமுறையாகப் பரவவில்லை. ஒரு மனிதரின் விடாப்பிடியை நம்பி நின்ற ஏற்பாடுகளுக்குப் பெரும்பாலும் இதுதான் கதி.

1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. மறுஆண்டே அமெரிக்கக் காங்கிரஸ் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆலோசகர் பயிற்சிக்குக் கூட்டாட்சிப் பணம் கொட்டியது, ஆலோசகர்கள் பெருகினர். அறிவியலுக்கும் பொறியியலுக்கும் ஏற்ற கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்வு வைத்துக் கண்டுபிடிப்பதே அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட முதல் வேலை. அந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பது சட்டத்தின் கவலையாக இருக்கவில்லை. 1962-இல் கில்பர்ட் ரென் என்ற மூத்த அறிஞர், தம் பண்பாட்டுக் கூட்டுக்குள்ளேயே அடைபட்ட ஆலோசகரைப் பற்றி ஹார்வர்ட் கல்வி இதழில் எழுதினார். துறைக்குள்ளிருந்து எழுந்த முதல் வலுவான எச்சரிக்கைகளில் அது ஒன்று. அக்கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் பள்ளிகளை உலுக்கியது அது அன்று.

உலுக்கியவர்கள் மாணவர்கள். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் கார்ஃபீல்ட், ரூஸ்வெல்ட், லிங்கன் உள்ளிட்ட உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து மெக்சிக்க அமெரிக்க மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வெளிநடப்புச் செய்தார்கள். இருமொழிக் கல்வி வேண்டும், தம் வரலாறு பாடத்தில் வேண்டும் என்பவற்றோடு, ஆலோசகர்கள் மீதும் நேரடிக் குற்றச்சாட்டு இருந்தது: எங்களைக் கல்லூரிக்கு அனுப்பாமல் தொழிற்பயிற்சி வகுப்புக்கும் கைத்தொழிலுக்கும் திருப்பிவிடுகிறார்கள் என்பது. நல்லெண்ணத்தோடு மதிப்பெண் பட்டியலைப் பார்த்து முடிவெடுத்த ஆலோசகரும் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப முடியவில்லை.

அதே 1968-இல், நாட்டின் மறுகோடியில் நியூ ஹேவனில், யேல் பல்கலைக்கழகத்தின் உளநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் வேறொரு வழியை முயன்றார். பெற்றோர், ஆசிரியர், உளநலக் குழுவினர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பள்ளியை நடத்துவது அவருடைய முறை. அவர் பதிவுசெய்த ஒரு நிகழ்வு இங்கே பொருத்தம். வட கரோலினாவின் கிராமத்தில் உறவினர் சூழ வளர்ந்த எட்டு வயதுப் பையன் நியூ ஹேவனுக்கு வந்து புதிதாகப் பள்ளியில் சேர்கிறான். ஏற்கெனவே புது மாணவர்களைச் சமாளித்துக் களைத்திருந்த ஆசிரியையின் முகம் வாடுவதைப் பார்த்து மிரள்கிறான். அவரை உதைத்துவிட்டு வெளியே ஓடுகிறான். வழக்கமான பள்ளியில் இது ஒழுங்கு நடவடிக்கையில் முடிந்திருக்கும். கோமரின் குழுவோ, பழகிய எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்த குழந்தையின் பயமாக இதைப் பார்த்தது. புதிதாக வருவோரை எப்படி வரவேற்பது என்ற முறையையே மாற்றினார்கள். திருத்தப்பட்டது பள்ளி.

துறையின் ஏட்டு வடிவம் இதற்குப் பின்னரே வந்தது. 1982-இல் டெரால்ட் விங் சூ தலைமையிலான குழு பண்பாட்டுத் திறனை மனப்பான்மை, அறிவு, செயல்திறன் என மூன்றாக வகுத்தது. 1992-இல் சூ, பாட்ரீசியா அரெடோண்டோ, ராடரிக் மெக்டேவிஸ் மூவரும் அதை 31 திறன்களாக விரித்தனர். அந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது, சிறுபான்மைச் சமூகத்தாரோடு ஆலோசனை அறைக்கு வெளியே, விழாக்களிலும் நட்பிலும் அக்கம்பக்கக் கூட்டங்களிலும் ஆலோசகர் பழக வேண்டும் என்ற கூறு. இல்லாவிட்டால் அந்தச் சமூகம் அவருக்கு ஏட்டறிவாகவோ உதவி பெறும் கூட்டமாகவோ மட்டுமே நின்றுவிடும் என்பதை அது வெளிப்படையாகவே சொல்கிறது. பார்சன்ஸிடம் இல்லாமல் போனது இதுதான்.

அதே ஆண்டு அரிசோனாவின் டூசன் நகரிலிருந்து லூயிஸ் மோலும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, இந்தக் கூறு நடைமுறையில் எப்படி இருக்கும் என்று காட்டியது. ஆசிரியர்கள் மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்குப் புகார் சொல்லப் போகவில்லை, கற்றுக்கொள்ளப் போனார்கள். விவசாயம், சுரங்க வேலை, தச்சு, நாட்டு மருத்துவம் எனக் குடும்பங்களிடம் குவிந்திருந்த அறிவைக் குறித்துக்கொண்டார்கள். மெக்சிக்கோவிலிருந்து கொண்டுவந்த மிட்டாயைத் தெருவில் விற்ற ஒரு பையனை வைத்தே ஒரு பாடத்தொகுதி உருவானது. ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். 1998-இல் சாக்ரமெண்டோவில் தொடங்கிய வீட்டு வருகைத் திட்டம் இதை இன்னும் நடைமுறைப்படுத்தியது: வருகை இரு தரப்புக்கும் விருப்பத்தின்பேரில், ஆசிரியர் இருவராகச் செல்வர், அந்த நேரத்துக்கு ஊதியம் உண்டு. கடைசி விதியே திட்டத்தைத் தாங்கியது என்று நினைக்கிறேன்.

ஏனெனில் சிக்கல் இப்போது மனத்தைவிட நேரத்தைச் சார்ந்தது. ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. 2022-23 கல்வியாண்டில் நாட்டுச் சராசரி 385. வேலை நேரத்தில் 80 விழுக்காடாவது மாணவர் சேவைக்குச் செல்ல வேண்டும் என்றும், குடும்பத்தோடும் சமூகத்தோடும் கூட்டாகச் செயல்படுவது அந்தச் சேவையில் அடங்கும் என்றும் அதே சங்கம் சொல்கிறது. ஆனால் தேர்வு மேற்பார்வையும் கால அட்டவணையும் பதிவேட்டு வேலையும் அந்த நேரத்தை விழுங்குகின்றன. பண்பாட்டுப் பயிற்சிக்கு ஆண்டுக்கு ஒருநாள் பட்டறை நடத்திவிட்டு ஓயும் கல்வி மாவட்டங்கள், தெருவில் செலவிடும் மணிகளையும் பணி நேரமாகக் கணக்கெழுதும்வரை, 1992-இன் அந்தக் கூறு தாளில்தான் இருக்கும்.