கள்ளுக்கடை மறியலும் கைகொடுக்கும் உறவும்



குளுவாங், ரெங்கம் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களில் உழைத்து மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோயில் எங்கே இருந்தது, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று சொல்கிறவர்கள், கள்ளுக்கடை இருந்த இடத்தையும் சொல்வார்கள். அந்தக் கடை தானாக முளைத்ததன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசாங்க உரிமத்தோடு, தோட்ட நிருவாகத்தின் கண்ணெதிரே நடந்தது. காலையில் பால் வெட்டிச் சேர்த்த கூலி, மாலையில் கடைக்குப் போயிற்று. அடுப்பு எரியாத வீட்டின் துயரத்தைத் தாய்மார்களே சுமந்தார்கள்.

இதை நம்மவர் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டு விடவில்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர்.எச்.நாதன் போன்றோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தில், சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போர் முடிந்தபின், கெடா மாநிலம் பீடோங்கிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவர் தொண்டர் படையைத் திரட்டினார். இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947-இல் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு அங்கேயும் உயிர் போயிற்று.

நேயர்களே, அந்தத் தியாகத்தை வணங்குவோம். ஆனால் அதிலிருந்து இன்னொரு பாடமும் கற்க வேண்டும். அந்நாளில் குடித்தவரைப் பலர் முன்னிலையில் நிறுத்தித் தண்டித்ததும் உண்டு. அவமானப்பட்டவன் ஒளிந்து குடிக்கக் கற்றுக்கொள்வான், திருந்திவிட மாட்டான். கடையை மூடினால் மட்டும் போதாது என்பதையும் பின்னாளில் கண்டோம். தோட்டங்களில் சம்சு என்னும் மலிவுச் சாராயம் பரவியது. அதை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் குரல் கொடுத்தது.

அப்படியானால் வழி என்ன? 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிக்கு அடிமைப்பட்ட இருவர் சந்தித்தார்கள். ஒருவர் பங்குச் சந்தைத் தொழில் செய்தவர், மற்றவர் மருத்துவர். ஒருவர் கதையை மற்றவர் கேட்டதே இருவருக்கும் மருந்தாயிற்று. பெயரைச் சொல்லாமல் கூடிப் பேசும் அத்தகைய குழுக்கள் இன்று உலகெங்கும் உள்ளன, மலேசியாவிலும் கூடுகின்றன.

குடிநோய் மனத்தளர்ச்சி மட்டுமன்று, உடலையும் பிடித்த நோய். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குளுவாங் பொது மருத்துவமனைக்குப் போவதில் வெட்கமில்லை. பிறகு ஒரு நாள், இன்னொரு நாள் என்று எண்ணிக் கடக்கட்டும். நடுவில் ஒருமுறை சறுக்கினால், "இவன் அவ்வளவுதான்" என்று கைவிட்டுவிடாதீர்கள். மீண்டும் மருத்துவரிடமும் குழுவிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

அடிபட்டு நிற்கும் பெண்களும் பிள்ளைகளும் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் பாதுகாப்பும் துணையும் வேண்டும்.

அன்று நம் முன்னோர் கடைவாசலில் ஒன்றாக நின்றார்கள். இன்று குடியை விட முயலும் ஒருவரின் வீட்டு வாசலில் நாம் ஒன்றாக நிற்போம்.