வகுப்பறைக் காற்றின் கதை

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே சென்றால், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. காடும், ஓடையும், சிறிய விலங்குப் பூங்காவும் உள்ள இடம். 2021 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் அங்கே பேருந்துக்காகக் காத்திருந்தேன். நான் ஆசிரியர் என்பதை அறிந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்:

"சார், ஒண்ணாந்தேதி பள்ளிக்கூடம் தொறக்கறாங்களாமே, புள்ளைய அனுப்பலாமா வேணாமா? சின்னப் புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்றாங்க. ஆனா எங்க வூட்ல வயசான மாமியார் இருக்குது."

அவர் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மகன் இரண்டாம் வகுப்பு. ஆனால் அவன் ஒரு நாள்கூட வகுப்பறையில் உட்கார்ந்ததில்லை. "முகக்கவசம் போட்டு அனுப்புங்கள் அம்மா" என்று ஏதோ சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன். பௌதிகம் கற்பிக்கும் ஒருவன் சொல்லியிருக்க வேண்டிய விடை அதுவன்று. அந்த விடையைத்தான் இப்போது உங்களுடன் சேர்ந்து தேட விரும்புகிறேன். அதற்கு நாம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

முதலில் மூடியது ஏன்?

2020 மார்ச் மாத நடுவில் தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது அது தவறான முடிவு என்று எவரும் சொல்லிவிட முடியாது. புதிய நோய் ஒன்று வந்தால், பழைய நோயின் அனுபவத்தைக் கொண்டுதான் மனிதன் அதை எதிர்கொள்கிறான். இங்கே வழிகாட்டியது 1918 ஆம் ஆண்டின் இன்புளுயன்சா. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட கொள்ளைநோய் அது. புளூ காய்ச்சல் குழந்தைகளிடையே விரைவாகப் பரவி, அவர்கள் மூலம் வீட்டுக்குள் நுழையும். அமெரிக்காவின் 43 நகரங்களின் 1918 ஆம் ஆண்டுப் பதிவேடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2007 இல் வெளிவந்தது. பள்ளிகளை மூடுதல், கூட்டங்களைத் தடை செய்தல் போன்ற நடவடிக்கைகளை முன்கூட்டியே தொடங்கி, நீண்ட நாள் கடைப்பிடித்த நகரங்களில் சாவு குறைந்திருந்தது என்று அது காட்டியது.

ஆனால் அதே 1918 இல் நியூயார்க் நகரம் பள்ளிகளை மூடவில்லை! நகரச் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்டு கூறிய காரணம் எளியது. நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் சுமார் பத்து லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் நெருக்கடியான, காற்றோட்டமற்ற குடியிருப்புகளில் வாழ்பவர்கள். பள்ளியிலோ பெரிய சன்னல்கள் உண்டு. காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர் பார்ப்பார். காய்ச்சல் கண்டால் செவிலியரும் மருத்துவரும் கவனிப்பர். பிள்ளைக்கு எது பாதுகாப்பு, பள்ளியா வீடா என்று அவர் கேட்டார். நியூயார்க்கின் சாவு விகிதம் பிலடெல்பியா, பாஸ்டன் நகரங்களைவிடக் குறைவாகவே இருந்தது. அதற்குப் பள்ளிகள்தான் காரணம் என்று நிறுவ இயலாது. ஆயினும் கோப்லாண்டு கேட்ட கேள்வி பொருளுள்ளது. பள்ளி திறந்திருக்கிறதா என்பதோடு, பிள்ளை எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது என்பதையும் அவர் பார்த்தார்.

துளி விழுமா, மிதக்குமா?

நாம் பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து பல அளவுகளில் நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்றில் சிறு துளி ஒன்று விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது ஸ்டோக்ஸ் விதி. விட்டம் பத்து மடங்கு சுருங்கினால் வேகம் நூறு மடங்கு குறையும்.

ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் துளி சுமார் ஐந்தாறு விநாடிகளில் தரையைத் தொடும். 10 மைக்ரான் துளிக்கு எட்டு நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துளிக்கோ அரை நாள் வேண்டும்! அதுவும் அசையாத காற்றில். பிள்ளைகள் நடமாடும் அறையில் அது விழவே விழாது என்று கொள்ளலாம்.

நோய் பெரிய துளியில் வருமானால், ஆறடி இடைவெளியும், மேசையைத் துடைப்பதும், கை கழுவுவதும் போதும். சிறு துளியில் வருமானால், இவை மட்டும் போதா; காற்றையே மாற்ற வேண்டும். 2020 மார்ச் 28 அன்று உலகச் சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று மக்களுக்கு அறிவித்தது. அவ்வாண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் இக்கருத்தை மறுத்துப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். 2021 ஏப்ரல் இறுதியில்தான் அந்நிறுவனம், காற்றோட்டம் குறைந்த அறைகளில் நோய் காற்றுவழிப் பரவலாம் என்று தன் விளக்கத்தில் தெளிவாக எழுதியது. இடைப்பட்ட ஓராண்டில் உலகெங்கும் கிருமிநாசினி தெளிப்பதற்கே பெரும் உழைப்பு செலவாயிற்று. சன்னல்களைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

மறந்துபோன பாடங்கள்

இவ்வளவுக்கும் இது புதிய செய்தியன்று. 1858 ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் மாக்ஸ் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர், அறைக்காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அளக்கக் கரியமில வாயுவைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கரியமில வாயு இருந்தால் அந்த அறை மனிதர் தங்கத் தகுந்ததன்று என்பது அவர் வகுத்த எல்லை. அந்த அளவில் கரியமில வாயு நஞ்சன்று. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதை நமக்குக் காட்டும் அடையாளம் அது.

1904 இல் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க் நகரில், நலிந்த பிள்ளைகளுக்காகக் காட்டுக்குள் ஒரு திறந்தவெளிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1908 இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், காசநோய் அபாயம் உள்ள பிள்ளைகளுக்காக, திறந்த சன்னல்களுடன் ஒரு வகுப்பறை அமைத்தனர். பனிக்காலத்திலும் பிள்ளைகள் கம்பளிப் பைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு பாடம் படித்தார்கள். நமக்கு இது வியப்பாகத் தோன்ற வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளியும் மரத்தடி வகுப்பும் கண்ட நாடு இது. ஏழ்மையின் அடையாளம் என்று நாம் வெட்கப்பட்ட மரத்தடி, காற்றைப் பொறுத்தவரை மிகச் சிறந்த வகுப்பறை.

அடுத்து வந்தவர் வில்லியம் வெல்ஸ். இருமலில் வெளிப்படும் சிறு துளிகள் உலர்ந்து மிதக்கும் நுண்துகள்களாகின்றன என்பதை 1934 இல் அவர் விளக்கினார். பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில், பிள்ளைகளின் கண்ணில் படாதவாறு கூரையை ஒட்டிப் புறஊதாக் கதிர் விளக்குகளை அமைத்தார். 1941 இல் தட்டம்மை பரவியபோது, விளக்குள்ள வகுப்புகளில் நோய் மிகவும் குறைவாக இருந்தது. ஆனால் வேறு ஊர்களில் செய்த சோதனைகளில் இவ்வளவு பலன் கிட்டவில்லை. அங்கே பிள்ளைகள் பள்ளிப் பேருந்துகளிலும் ஊருக்குள்ளும் தொற்று பெற்றிருக்கலாம் என்று கருதப்பட்டது. வகுப்பறையைக் காத்தால் மட்டும் போதாது, வரும் வழியையும் காக்க வேண்டும் என்பது இதன் பாடம். பின்னர் 1963 இல் தட்டம்மைத் தடுப்பூசி வந்தது. காற்றைப் பற்றிய கவலை மெல்ல மறைந்தது.

யார் விலை கொடுத்தார்கள்?

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 2020 நடுவில் தளர்வுகள் வந்ததும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல், காலணித் தொழிற்சாலைகள் மீண்டும் இயங்கின. காலணி தைக்கும் தொழிலாளரில் பெரும்பாலோர் பெண்கள். தாய்மார் வேலைக்குச் சென்றனர். பிள்ளைகளின் பள்ளி மட்டும் மூடிக் கிடந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பாயிற்று. ஆனால் ஆறு வயதுக் குழந்தை தொலைக்காட்சியைப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகுமா? கைபேசி வழிப் பாடமும் எல்லாரையும் எட்டவில்லை. 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழைக் குடும்பப் பிள்ளைகள் சுமார் 1,400 பேரிடம் நடத்திய ஆய்வில், கிராமப்புறங்களில் 8 சதவீதத்தினரே ஒழுங்காக இணையவழி படித்தனர் என்றும், 37 சதவீதத்தினர் படிப்பதே இல்லை என்றும் தெரியவந்தது.

2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு தழுவிய இரத்தப் பரிசோதனை நடத்திற்று. 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கொரோனா எதிர்ப்பொருள் ஏற்கெனவே உண்டாகியிருந்தது. பள்ளி மூடியிருந்தும் நோய் அவர்களை அடைந்திருக்கிறது என்பது இதன் பொருள். கழகத்தின் தலைவர், பள்ளிகளைத் திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்று கூறினார். ஆனால் இங்கே 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகள் செப்டம்பர் 1 அன்று திறந்தன. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் பத்தொன்பது மாதங்களுக்கு மேல் கழிந்துவிட்டன. ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய குழந்தை, வகுப்பறையை முதன்முதலில் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது!

இழப்பு எவ்வளவு? ஏசர் என்ற நாடு தழுவிய கிராமப்புற ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்பு மாணவர் 2018 இல் 50.5 சதவீதம், 2022 இல் 42.8 சதவீதம்.

ஒரு சிறு கணக்கு

இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள வகுப்பறையில் 108 கன மீட்டர், அதாவது 1,08,000 லிட்டர் காற்று இருக்கும். அதில் 30 பிள்ளைகள். ஒரு பிள்ளை மணிக்குச் சுமார் 10 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடும் எனக் கொண்டால், மொத்தம் 300 லிட்டர். சன்னல்கள் முற்றிலும் மூடியிருந்தால், ஒரு மணி நேரத்தில் பத்து லட்சம் பங்கில் சுமார் 2,800 பங்கு கூடும். வெளிக்காற்றில் இருப்பது சுமார் 420 பங்குதான். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு 40,000 பங்கு. 2,800 என்பது அதில் பதினான்கில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் இழுக்கும் பதினான்கு மூச்சில் ஒன்று, அவ்வறையில் யாரோ விட்ட மூச்சு!

சன்னல்களை எதிரெதிராகத் திறந்து, மணிக்கு ஆறு முறை காற்று மாறுவதாகக் கொள்வோம். அப்போது கூடுதல் கரியமில வாயு சுமார் 460 பங்கோடு நின்றுவிடும். பிறர் மூச்சு எண்பத்தேழில் ஒன்றாகக் குறையும். பாதிப் பிள்ளைகளை முற்பகலிலும் மீதிப் பேரைப் பிற்பகலிலும் வரச் செய்தால் இன்னும் பாதியாகும். வகுப்பை மரத்தடிக்கு மாற்றினால் கணக்கே தேவையில்லை.

அந்த நவம்பரில் முகக்கவசம், இடைவெளி, உடல்வெப்பச் சோதனை, ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி என்ற ஏற்பாடுகளுடன் பள்ளிகள் திறந்தன, வருகை கட்டாயமில்லை. பின்னர் ஒரு நாள் அமிர்திப் பக்கத்துப் பள்ளி ஒன்றை எட்டிப் பார்த்தேன். வாசலில் கை கழுவச் சோப்பும் தண்ணீரும் இருந்தன. ஒரு பக்கத்துச் சன்னல்கள் மட்டும் அட்டை வைத்து அடைக்கப்பட்டிருந்தன. குரங்குத் தொல்லை என்றார் ஆசிரியை. சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறதாம். அவருடைய இடைஞ்சல் உண்மையானது. அட்டைக்குப் பதிலாகக் கம்பி வலை அடித்தால் குரங்கு வராது, காற்று வரும். அதற்கு ஆகும் செலவும் பெரிதன்று. ஆனால் எந்தச் சுற்றறிக்கையும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

அந்தத் தாய்க்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "அனுப்புங்கள் அம்மா. மாமியாருக்குத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டுவிடுங்கள். பையனுக்குக் காய்ச்சலோ இருமலோ இருந்தால் அன்று வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் சன்னல் திறந்திருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், மூடியிருந்தால் கேளுங்கள்."

2022 சனவரியில் ஓமிக்ரான் அலை வந்தபோது தொடக்கப் பள்ளிகள் மறுபடி மூடப்பட்டு, பிப்ரவரி 1 அன்று திறந்தன. இன்னொரு கொள்ளைநோய் எப்போது வரும் என்று எவராலும் கூற இயலாது. அது வரும்வரை காத்திருக்க வேண்டுமா? காசநோயும் தட்டம்மையும் இன்றும் காற்றில்தான் வருகின்றன. இதைப் படிக்கும் மாணவர்களே, நாளை உங்கள் வகுப்பறையின் நீள, அகல, உயரத்தை அளந்து பாருங்கள். எத்தனை சன்னல்கள் உள்ளன, எத்தனை திறக்கின்றன, திறக்காதவை ஏன் திறப்பதில்லை என்று எழுதி, உங்கள் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.