தன்னார்வத் தீயணைப்புப் படை: அமெரிக்கச் சிற்றூர்களில்

ஊர் மக்களே பயிற்சி பெற்று, சம்பளம் வாங்காமலோ பெயரளவுக்கு ஒரு தொகை பெற்றுக்கொண்டோ தங்கள் ஊரில் பற்றும் தீயை அணைக்கும் அமைப்பே தன்னார்வத் தீயணைப்புப் படை. பல நாடுகளில் இதுவே பெருவழக்கு. ஆஸ்திரியாவில் சம்பளப் படை வைத்திருப்பவை வியன்னா, கிராட்ஸ் உள்ளிட்ட ஆறு நகரங்கள் மட்டுமே. சிலி நாட்டில் தலைநகர் சாந்தியாகோவையும் தன்னார்வலர்களே காக்கிறார்கள். அமெரிக்காவிலும் பெருநகரங்களைத் தாண்டிவிட்டால் நிலப்பரப்பின் பெரும்பகுதி இவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. அந்நாட்டின் சிற்றூர்ப் படைகள் இன்று சந்திக்கும் நெருக்கடியே இக்கட்டுரையின் பொருள்.

அமெரிக்காவின் தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம் 2020ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, நாட்டில் சுமார் 10.4 லட்சம் தீயணைப்பு வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 6.77 லட்சம் பேர், அதாவது மூன்றில் இரு பங்கினர், தன்னார்வலர்கள். 1984இல் அவர்களின் எண்ணிக்கை 8.97 லட்சமாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 24 கோடியிலிருந்து 33 கோடியாகப் பெருகியது. தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகள் மூன்று மடங்காயின. பென்சில்வேனியாவில் சரிவு இன்னும் செங்குத்தானது. 1970களில் அங்கே சுமார் 3 லட்சம் பேர் இருந்ததாகவும், இப்போது 38,000 பேர் அளவுக்கே எஞ்சியிருப்பதாகவும் 2018இல் அம்மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வுக்குழு அறிக்கை தந்தது.

அந்த மாநிலத்தில்தான் இந்த மரபு வேர்விட்டது என்பதால் இந்தச் செய்தி கூடுதலாக உறுத்துகிறது. 1736 டிசம்பரில் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கினார். தீயை அணைக்கத் தோல் வாளிகளும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளி வெளியேற்ற உறுதியான துணிப்பைகளும் உறுப்பினர்கள் வைத்திருக்க வேண்டும். 1853இல் சின்சினாட்டி நகரம் சம்பளப் படைக்கு மாறியது. நீராவி இன்ஜின்கள் வந்ததும் மற்ற பெருநகரங்களும் அதே வழியில் போயின. சிற்றூர்களுக்குச் சம்பளம் கொடுக்க வரி வருமானம் போதாது. தீயும் எப்போதாவதுதான் பற்றும். ஆகவே அவை பழைய வழியிலேயே நீடித்தன.

பகல்நேர வெறுமை

நெருக்கடிக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலோர் பணத்தைத்தான் முதலில் சொல்வார்கள். பணத்துக்கும் முன்னே நிற்பது ஆள் பற்றாக்குறை. அதிலும் வேலைநாளின் பகல்பொழுதில் ஏற்படும் பற்றாக்குறை. முன்பு சிற்றூரில் வாழ்ந்தவர் அதே ஊரில்தான் வேலையும் பார்த்தார். தீவனக் கடை, மரஅறுவை ஆலை, வண்டிப் பட்டறை, பண்ணை என எங்கே இருந்தாலும் சைரன் ஊதியதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடலாம். முதலாளியும் தடுக்கமாட்டார், பல இடங்களில் முதலாளியே படைத்தலைவராகவும் இருப்பார். அந்த ஆலைகளும் கடைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பண்ணைகள் பெரிதாகி, கைகள் குறைந்தன. இன்று அவ்வூர்க்காரர் வெகுதூரம் காரோட்டிப் போய் வேலை செய்கிறார். இடுப்பில் பேஜர் இருந்தாலும் அது அலறும்போது அவரால் வர முடியாது. இரவு இரண்டு மணிக்கு இருபது பேர் கூடும் நிலையத்தில் காலை பத்து மணிக்கு மூன்று பேர் வந்தாலே பெரிது.

மூன்று பேர் என்பது ஏன் ஆபத்தான எண் என்பதைச் சற்று விளக்க வேண்டும். மூச்சுக்கருவி அணிந்து எரியும் வீட்டுக்குள் நுழைபவர்கள் இருவராகவே நுழைய வேண்டும். அவர்களை மீட்க ஆயத்தமாக இன்னும் இருவர் வெளியே நிற்க வேண்டும் என்பது மத்தியத் தொழில் பாதுகாப்பு விதி. சட்டப்படி கட்டாயமில்லாத இடங்களிலும் பல படைகள் இதையே பின்பற்றுகின்றன. உள்ளே உயிர் சிக்கியிருப்பது தெரிந்தால் விலக்கு உண்டு. மற்றபடி நான்காவது ஆள் வரும்வரை மூவரும் வெளியே நின்றபடிதான் தண்ணீர் அடிக்க முடியும்.

காலக்கணக்கும் கைகொடுப்பதில்லை. சதுர மைலுக்கு 500 பேருக்குக் குறைவாக வாழும் கிராமப்பகுதியில், பத்துக்கு எட்டு முறையாவது ஆறு பேர் 14 நிமிடங்களில் இடத்தை அடைய வேண்டும் என்பது தன்னார்வப் படைகளுக்கான தேசிய அளவுகோல். வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஓடி, உடை மாட்டி, வண்டியை எடுத்துப் போகும் ஒரு படைக்கு இது எட்டக்கூடிய இலக்கு. ஆனால் தீ அவ்வளவு நேரம் காத்திருக்காது. அமெரிக்க ஆய்வுக்கூடமான யு.எல். ஒரே அளவுள்ள அறைகளை எரித்துப் பார்த்தது. மரம், பஞ்சு, பருத்தித் துணி கொண்ட பழைய பாணி அறை முழுவதும் தீப்பிழம்பாக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆயிற்று. செயற்கை நுரை மெத்தையும் பிளாஸ்டிக் இழைத் துணியும் நிறைந்த இன்றைய அறையோ ஐந்து நிமிடங்களுக்குள் அந்த நிலையை எட்டிவிட்டது. வண்டி வந்து சேரும்போது எதிரே நிற்பது தாத்தா காலத்துத் தீ அல்ல.

தண்ணீரும் ஒரு தலைவலி. நகரத் தெருவில் தீயணைப்புக் குழாய்முனைகள் இருக்கும்; கிராமச் சாலையில் இருக்காது. ஆயிரம் கேலன் (சுமார் 3,800 லிட்டர்) கொண்ட வண்டியிலிருந்து ஒரே ஒரு குழாயில் நிமிடத்துக்கு 150 கேலன் அடித்தால் ஏழு நிமிடங்களுக்குள் தொட்டி காலியாகிவிடும். அதற்குள் டேங்கர் லாரிகள் வந்து, மடக்குத் தொட்டிகளை விரித்து நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி குளத்துக்கோ ஆற்றுக்கோ ஓட வேண்டும். ஒவ்வொரு லாரிக்கும் ஓட்டுநர் வேண்டும். மீண்டும் ஆள் கணக்கில்தான் வந்து நிற்கிறோம்.

வந்து சேர்பவர்களுக்கும் வயதாகிவருகிறது. 2,500 பேருக்குக் குறைவாக உள்ள ஊர்களில் தன்னார்வலர்களில் மூவருக்கு ஒருவர் 50 வயதைக் கடந்தவர். இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியேற, ஓய்வுபெற்றவர்கள் எடைமிகுந்த உடையையும் மூச்சுக்கருவியையும் சுமக்கிறார்கள். பணியின்போது இறக்கும் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ பாதிப்பேரைக் கொல்வது தீயல்ல, மாரடைப்பு முதலான இதயக்கோளாறுகளே.

பயிற்சியும் வெஸ்ட் நகரமும்

சம்பளம் வாங்குபவர், வாங்காதவர் என்று தீ வேறுபாடு பார்ப்பதில்லை. பயிற்சியும் குறையக் கூடாது. அடிப்படைச் சான்றிதழுக்கே பல மாநிலங்களில் நூறு மணி நேரத்துக்கு மேல் வகுப்பிலும் களத்திலும் செலவிட வேண்டும். அவசர மருத்துவ உதவி, வேதிப்பொருள் விபத்து, வாகனத்தில் சிக்கியவரை மீட்பது ஆகியவை தனித்தனிப் படிப்புகள். இரண்டு வேலை பார்க்கும் இளம் தகப்பனுக்கு மாலைகளும் வார இறுதிகளும் இதிலேயே கரைந்துவிடும். தரத்தைக் குறைத்தால் ஆள் சாவார். கூட்டினால் ஆள் வரமாட்டார். இந்த இக்கட்டுக்கு இன்னும் நல்ல விடை கிடைக்கவில்லை.

டெக்சஸ் மாநிலத்தின் வெஸ்ட் என்ற சிற்றூரின் மக்கள்தொகை மூவாயிரத்தை எட்டாது. 2013 ஏப்ரல் 17 மாலை அங்கிருந்த உரக்கிடங்கில் தீப்பிடித்தது. தன்னார்வலர்கள் விரைந்தார்கள். அன்று மாலை ஊரில் அவசர மருத்துவ உதவிப் பயிற்சி வகுப்பில் இருந்தவர்களில் சிலரும் எழுந்து அங்கே போனார்கள். தகவல் வந்த சுமார் இருபது நிமிடங்களில் கிடங்கிலிருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 15 பேர் மாண்டனர்; அவர்களில் 12 பேர் உதவிக்குப் போனவர்கள். 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பின்னர் விசாரித்த மத்திய வேதிப்பொருள் பாதுகாப்பு வாரியம், அந்த உரம் வெடிக்கக்கூடும் என்ற தகவலும் அதற்கான பயிற்சியும், இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வது என்ற முன்திட்டமும் அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை என்று சுட்டிக்காட்டியது. வீரத்தில் எந்தக் குறையும் இல்லை. எப்போது பின்வாங்க வேண்டும் என்பதைச் சொல்லித்தர ஊரும் மாநிலமும் செலவு செய்திருக்கவில்லை.

அழைப்புகளின் தன்மையும் மாறிவிட்டது. இன்று தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு மருத்துவம் சார்ந்தவை: நெஞ்சுவலி, கீழே விழுந்த முதியவர், போதைமருந்து மிகையாகி மூச்சு நின்றவர். கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்படுவதால் ஆம்புலன்ஸ் போய்த் திரும்பும் தூரமும் கூடுகிறது. நகரத்து வீரருக்கு அடிபட்டுக் கிடப்பவர் பெரும்பாலும் முன்பின் அறியாதவர். சிற்றூரில் அப்படியல்ல, நொறுங்கிய காருக்குள் இருப்பது பள்ளித்தோழனாகவோ தங்கை மகனாகவோ இருக்கக்கூடும். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போக வேண்டும். இந்த மனச்சுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கியதே அண்மையில்தான். 2022இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று வகைப்படுத்தியது. அப்படிப் புற்றுநோய் வந்தால் பணியால் வந்த நோயாக ஏற்று இழப்பீடு தரும் சட்டம் தன்னார்வலரையும் உள்ளடக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

பணம்

புதிய தீயணைப்பு வண்டி ஒன்றின் விலை ஐந்து லட்சம் டாலரைத் தாண்டும். ஒருவருக்கான பாதுகாப்பு உடைக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். மூச்சுக்கருவிக்கு அதைவிடக் கூடுதல். உடையைப் பத்து ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. அணியாமல் மடித்து வைத்திருந்தாலும் அதே பத்து ஆண்டுதான். இவற்றுக்காக நிலையங்கள் பான்கேக் விருந்தும் மீன்வறுவல் விருந்தும் நடத்துகின்றன, பிங்கோ ஆட்டம் வைக்கின்றன. ஊர் கூடும் நல்ல மாலைகள் அவை. ஆனால் ஆளே குறைந்த படை, தீயணைக்கச் செலவிடும் நேரத்தைவிட நிதி திரட்ட அதிக நேரம் செலவிடுவது முறையல்ல. பென்சில்வேனியாவில் வெளிமாநிலக் காப்பீட்டு நிறுவனங்களின் தீக்காப்பீட்டுப் பிரீமியத்தில் 2 சதவீத வரி வாங்கித் தன்னார்வலர் நலச் சங்கங்களுக்குத் தருகிறார்கள். 2001 முதல் மத்திய அரசின் தீயணைப்பு மானியமும் உண்டு; சிறிய ஊர் 5 சதவீதத்தைத் தன் பங்காகப் போட்டால் போதும். மானிய விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் இல்லாத ஊர் வாயிற்படியிலேயே நின்றுவிடுகிறது.

கட்டணம் கட்டியவருக்கு மட்டும் சேவை என்ற ஏற்பாடும் சில இடங்களில் இருந்தது. டென்னசியின் சவுத் ஃபுல்டன் நகரப் படை, நகர எல்லைக்கு வெளியே வசிப்பவர்களிடம் ஆண்டுக்கு 75 டாலர் வாங்கியது. 2010இல் அதைக் கட்டாத ஒரு குடும்பத்தின் வீடு எரிய, வண்டி அருகிலேயே நின்றும் அணைக்கவில்லை. அடுத்த ஆண்டும் அப்படியே நடந்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, கட்டாதவர்களின் தீயையும் அணைத்துவிட்டுப் பின்னர் தொகை கேட்கும் முறைக்கு நகரம் மாறியது. தீயணைப்பைச் சந்தா கட்டி வாங்கும் பொருளாக்கியது அடிப்படையிலேயே தவறு.

நிலையம் ஒன்று மூடப்பட்டால் அதன் செலவு வேறு வழியில் திரும்பி வருகிறது. காப்பீட்டுத் துறைக்காக ஊர்களின் தீப்பாதுகாப்பு 1 முதல் 10 வரை தரம் பிரிக்கப்படுகிறது. பத்து என்றால் பாதுகாப்பே இல்லை என்று பொருள். நிலையத்திலிருந்து சாலைவழி ஐந்து மைலுக்கு (8 கி.மீ.) அப்பாலுள்ள வீடு பொதுவாக அந்தக் கடைசிப் படிக்குப் போய்விடும், பிரீமியமும் ஏறும்.

செய்து பார்க்கப்படுபவை

பகல்நேரத்துக்கு மட்டும் ஓரிருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது, கல்லூரி மாணவர்களை நிலையத்திலேயே இலவசமாகத் தங்கவைத்து அழைப்புகளுக்கு அனுப்புவது, ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று கொடுப்பது ஆகியவை பரவிவருகின்றன. கொடுக்கும் தொகை முழுநேர வீரருக்குக் கிடைக்கும் ஊதியத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பெறுபவர் தன்னார்வலர் என்ற நிலையை இழந்து ஊழியராகிவிடுவார் என்பதால், கொடுக்க மனமிருந்தும் ஊர்களின் கை கட்டப்பட்டிருக்கிறது. நியூயார்க் மாநிலம் 1980களின் கடைசியிலிருந்து நீண்டகாலச் சேவைக்கு ஓய்வூதியம் போன்ற தொகை தர வழிசெய்துள்ளது. மாதம் 50 டாலர் வரையான ஊக்கத்தொகைக்கு மத்திய வருமானவரி விலக்கு உண்டு.

இவற்றில் அதிகப் பயன் தருவது, அதே அளவுக்கு வலியும் தருவது, அண்டை ஊர்ப் படைகளின் இணைப்பு. தீத்தகவல் வந்ததுமே இரண்டு மூன்று நிலையங்களுக்கு ஒருசேர அழைப்பு போகும் ஏற்பாடு பல வட்டாரங்களில் ஏற்கெனவே உண்டு. அடுத்த கட்டமாக ஒரே நிர்வாகம், ஒரே கணக்கு, பொதுவான வண்டிகள் என்று பேச்சு எழும்போது ஊர்கள் தயங்குகின்றன. பள்ளி வேறு ஊருக்குப் போய், தபால் நிலையமும் மூடப்பட்ட ஊரில் கல்யாண வரவேற்பும் இரங்கல் கூட்டமும் தேர்தல் வாக்குப்பதிவும் நடக்கும் கூடம் தீயணைப்பு நிலையமாகவே இருக்கும். அதன் பெயர்ப்பலகையை இறக்குவது ஊரின் பெயரையே அழிப்பதாகத் தோன்றுகிறது. அந்த வருத்தத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிய நிர்வாகிகள் இணைப்பை நடத்த முடியாமல் திணறுகிறார்கள். பழைய நிலையங்களின் பெயரையும் கூடத்தையும் விட்டுவைத்து, கணக்கையும் வண்டிகளையும் மட்டும் பொதுவாக்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

2024 பிப்ரவரியில் மத்தியத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம், 1980ஆம் ஆண்டின் பழைய விதிக்குப் பதிலாக அவசரப்பணியாளர் அனைவருக்குமான புதிய விதியின் வரைவை வெளியிட்டது. மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, முன்திட்டம், கருவிப் பராமரிப்பு என்று வெஸ்ட் நகரில் இல்லாமற்போனவை பலவும் அதில் இடம்பெற்றன. தன்னார்வலர் அமைப்புகள் நோக்கத்தை ஏற்றுக்கொண்டு, இத்தனை கடமைகளையும் நிறைவேற்றப் பணமும் ஆளும் இல்லாத நூற்றுக்கணக்கான சிறிய படைகள் கதவை மூட நேரும் என்று எதிர்ப்புத் தெரிவித்தன. இரு தரப்பும் சொல்வது சரியே. விதியைக் கேட்பவர்களே அதற்கான பணத்தையும் கொடுத்தால் இந்த மோதலில் பாதி தீர்ந்துவிடும். வரைவு விதியில் பணத்துக்கு ஏற்பாடு இல்லை.